இரண்டு கட்டம்தான் இருக்கிறது

பேரிகைக்குப் போகும் ரோட்டில்
பசுமைக்குடில் பிளாஸ்டிக் காற்றுக்கு அடித்துக்கொள்ளும் பக்கம்
எனக்கு ஒதுக்கிய வீடுகள் நூற்றுப் பதினேழு.
பள்ளிக்கூடத்தில் நான் ஆய்வக உதவியாளன்.
அங்கே லிட்மஸ் தாள் உண்டு,
அமிலமா காரமா, நனைந்ததும் சொல்லிவிடும்.
வீட்டில் பேசும் மொழிக்கு
ஒரு பேனாவும் படிவக் கட்டும்தான் கொடுத்தார்கள்.

கதவைத் தட்டினேன்.
"எவுரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.
"யாரு பந்தவ்ரே நோடு" என்றது இன்னொன்று.
எட்டிப் பார்த்த பையன்
"கணக்கெடுக்க வந்திருக்காங்க" என்று உள்ளே கத்தினான்.
தாய்மொழிக் கட்டத்துக்கு மேலே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

முனிரத்னம்மா. வயது முப்பத்தொன்பது.
ரோஜா கட்டும் வேலை.
தெலுங்கு, தாய் வழி.
கன்னடம், தாலி வழி.
தமிழ் ரேஷன் கடைக்கும்
பையனின் ரிப்போர்ட் கார்டுக்கும்.
உருது, பூ ஏற்ற வரும் வேன்காரர் பாஷாவிடம்,
பாதிக்கு மேல் வசவு.
இந்தி, எதிர்மேசையில் முள் உரிக்கும் ஒடிசாப் பெண்ணோடு.
"அவளுக்கும் அது சரியா வராது சார், எனக்கும் வராது.
ரெண்டு பேருக்கும் புரியும்."

தெரிந்த பிற மொழிகள் என்ற இடத்தில்
இரண்டு கட்டம்தான் இருக்கிறது.
எதையெல்லாம் விடட்டும் என்றேன்.
"நீங்களே விடுங்க.
நானா ஒண்ணையும் விட்டதில்ல."

இங்கிலீஷ்?
சிரித்தாள். பிறகு யோசித்தாள்.
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டி
"அறுபது சென்டிமீட்டர் ஸ்டெம்.
கிரேடு ஏ. எக்ஸ்போர்ட். பெண்ட் நெக். ரிஜெக்ட்.
பிப்ரவரின்னா ஓவர்டைம்.
கூலிங் ரூம், டோர் க்ளோஸ்."
மூச்சு வாங்கிக்கொண்டு
"சாரி" என்றாள்,
"அது சூப்பர்வைசருக்கு."

நன்றாக, சுமாராக, இல்லை.
மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும்.
சுமாராக என்று அடித்தேன்.
மேலதிகாரி கேட்டால்
டோர் க்ளோஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெரிய பெண் ஹேமலதா
பெங்களூரில் ராத்திரி ஷிப்ட், போனில் பேசும் வேலை,
விடிந்துதான் பஸ்ஸில் வந்து படுத்தாளாம்.
அவளுக்கு நன்றாக. சந்தேகமே இல்லை.
எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து
தூக்கத்தில் பேசினாள்:
"ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், சார்."
குரல் அவ்வளவு பதமாக இருந்தது.
நான்தான் திடுக்கிட்டேன்.

"தினம் இதையேதான் சொல்றா. அப்படின்னா என்ன?"
உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுன்னு, என்றேன்.
முனிரத்னம்மா கதவு இடுக்கைப் பார்த்தபடி இருந்தாள்.
"யார்கிட்ட?"
அதற்குப் படிவத்தில் இடமில்லை,
எனக்கும் தெரியவில்லை.

மூன்று வீடு தள்ளி ஒரு நாய் வழிமறித்தது.
தமிழில் அதட்டினேன், குரைத்தது.
கன்னடத்தில் சொல்லுங்க, அதுக்கு அதுதான் பழக்கம்
என்று மாடியிலிருந்து யாரோ சொன்னார்கள்.
"ஹோகு" என்றேன்.
சந்தேகமாகப் பார்த்தது, ஆனாலும் போனது.
எண்பத்தோராம் வீடு பூட்டு.
எண்பத்தி ரெண்டில் பதினோரு மாதக் குழந்தை,
இன்னும் பேச்சு வரவில்லை.
அம்மாவின் மொழியை எழுதிக்கொள்ளச் சொல்கிறது விதி.
எழுதினேன். குழந்தை பேனாவைப் பிடுங்கி
வாயில் வைத்துக்கொண்டது.

ராத்திரி என் வீட்டுப் படிவம்.
நான் பாலக்கோட்டுக்காரன்.
நாகவேணிக்கு ஊர் தளிக்கு அந்தப் பக்கம்.
வீட்டில் பேசும் மொழி: தமிழ்
என்று கை தானாக எழுதிவிட்டது.
மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை,
எதற்கென்று இருவருக்கும் மறந்துகூடப் போயிருக்கலாம்.
தண்ணீர்ச் சொம்போடு கடந்தவள்
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நின்றாள்.
"யாரு மாத்தாடோது?"

யார் பேசுவது.
நியாயமான கேள்வி.
"நானு" என்றேன்.

அவள் மொழியிலும் அது அதேதான்.